நாச்சிமுத்து பாஸ் பண்ணாத கொடி

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நம் பனியன் கம்பெனியின் பழைய ஆட்கள் சேர்ந்திருக்கும் குழுவில், காலை ஏழரை மணிக்கு, ஒரு ரெடிமேட் அஞ்சலிப் படம். எரியும் விளக்கு, இரண்டு வெள்ளைப் புறா, ஓரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் ரோஜா. நடுவில் 'மிலிட்டரி நாச்சிமுத்து' என்று பெயர். அவர் போட்டோ யாரிடமும் இல்லாததால், துப்பாக்கி பிடித்து நிற்கும் எவனோ ஒரு சிப்பாயின் நிழலை வைத்திருந்தார்கள். யாரையும் சுட்டதில்லை என்று மைக் பிடித்துச் சொன்ன மனிதருக்கு இந்தப் படம். கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்பதாவது கும்பிடுக்கும் பத்தாவது கும்பிடுக்கும் நடுவில் ஒருவர், தன்னிடம் பழைய ஓவர்லாக் மிஷின் விற்பனைக்கு இருப்பதாகச் செய்தி போட்டிருந்தார். அதற்கும் ஒருவர் கும்பிட்டிருந்தார்.

நான் கும்பிடு போடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அவரோடு செக்கிங் டேபிளில் நின்றவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள், அவரைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சல்யூட் அடித்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலர், நல்லா இருந்த மனுஷன் ஏன் திடீரென்று வேலையை விட்டார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். 'வயசாயிருச்சு, முடியலைன்னு போயிட்டாரு' என்று நான் சொன்னேன். அது பொய். உண்மையைச் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன் என்பதற்காக என்னை நீங்கள் மதிக்க வேண்டியதில்லை.

நாச்சிமுத்து உடுமலைப் பக்கம் கொமரலிங்கத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, ஆற்றோரம் இருந்த கொஞ்சம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு, திருப்பூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் சரஸ்வதி வீட்டுக்குப் பக்கத்திலேயே, மண்ணரையில் ஒரு லைன் வீட்டுக்குக் குடி வந்தார். எங்கள் முதலாளி அவரை வாட்ச்மேனாகத்தான் எடுத்தார். எக்ஸ் மிலிட்டரி ஆள் மீசையோடு கேட்டில் நின்றால், ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டுப் பையர்கள் காரை விட்டு இறங்கும்போதே ஒரு மரியாதை வரும் என்பது அவர் எண்ணம். நான் அப்போது பேக்டரி மேனேஜர்.

வந்து பத்து நாள் ஆகியிருக்கும். வண்டியில் ஏற்றும்போது ஒரு அட்டைப்பெட்டி வாய் பிளந்து, பனியன்கள் கீழே கொட்டின. ஓடி வந்து பொறுக்கிக் கொடுத்தவர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேனேஜர், இதுல தோள்பட்டத் தையல் ஓடியிருக்குதுங்க. இது போகலாமுங்களா?"

"பரவால்லீங்க, ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும்."

"அந்த ஒண்ண ஒருத்தன் போடுவானுங்களே."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மறுவாரமே அவரை கேட்டிலிருந்து எடுத்துச் செக்கிங்கில் போட்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒன்றிரண்டு நல்ல காரியங்களில் அது ஒன்று. மற்றதெல்லாம் ஷிப்மெண்ட்.

நம் தொழிலுக்கு வெளியே இருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன். செக்கிங் என்றால் தைத்து வந்த பீஸை டேபிள்மேல் விரித்து, துணி, தையல், பிரிண்ட், அளவு எல்லாம் பார்ப்பது. குறை இருந்தால் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். அதில் ஒரு அம்பு இருக்கும். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும். மற்றவர்கள் குத்துமதிப்பாக ஒட்டிவிட்டுப் போவார்கள், தைப்பவன் தேடிக்கொள்ளட்டும் என்று. நாச்சிமுத்து அப்படி ஒட்டவே மாட்டார். "முனை தப்பைத் தொடோணும். பக்கத்துல ஒட்டுனா அது புகார் சொல்றதுங்க, செக்கிங் இல்ல" என்பார். ஸ்டிக்கர் சுருள் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

ஒரு தடவை அந்த அம்பு முதலாளியின் சட்டையிலேயே ஏறியது. ஜெர்மனியிலிருந்து பையர் வந்திருந்தார். நம் கம்பெனி டி-ஷர்ட்டையே போட்டுக்கொண்டு முதலாளி அவரை ஒவ்வொரு டேபிளாக அழைத்து வந்தார். நாச்சிமுத்து, "மொதலாளி, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று சொல்லி, காலர் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு, அடுத்த பீஸை எடுத்தார். எல்லோரும் பையரின் முகத்தைப் பார்த்தோம். பையர் வாய்விட்டுச் சிரித்தார். ஆர்டரும் கிடைத்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம், போகிற கூட்டத்திலெல்லாம், "என் கம்பெனியில என் சட்டையையே ரிஜெக்ட் பண்ணுவாங்க" என்று முதலாளி பேசிக் கைதட்டல் வாங்கினார். பேசுவதற்குத்தான் அது வேண்டியிருந்தது. அந்தச் சட்டையை மாற்றாமல்தான் அன்று மாலைவரை சுற்றினார்.

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் கம்பெனி வாசலில் கொடி ஏற்றுவோம். எழுபத்தொன்று யுத்தத்தில் இருந்தவர் நம்மிடம் இருக்கிறார் என்று தெரிந்ததும், முதல் வருஷம் அவரை மைக் முன்னால் நிறுத்தினார்கள். குண்டு, டாங்கி, ரத்தம் என்று எதிர்பார்த்துச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக நின்று சொன்னார்: "நான் ஸ்டோர்ல இருந்தவனுங்க. மலை மேல இருக்கறவங்களுக்குக் கம்பளி, சாக்ஸு, பனியன் எண்ணிக் குடுத்தேன். நான் ஆரையும் சுட்டதில்லீங்க. எல்லாரும் போயி வேலயப் பாருங்க." செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அடுத்த வருஷத்திலிருந்து, பட்டிமன்றத்தில் பேசுகிற ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அவர் பார்டரையே பார்த்ததில்லை. ஆனால் பார்டர் என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கும். ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அப்படி ஒரு கொடியேற்றத்தில்தான் காசிம் பாய் விவகாரம் நடந்தது. காசிம் பாய் நமக்கு லேபிள் போட்டுத் தருகிறவர். வருஷா வருஷம் மிட்டாய் அவர் செலவுதான். எல்லோரும் 'நாடு வாழ்க' என்று சொன்னபோது அவரும் சொன்னார். கட்டிங் காண்ட்ராக்டர் ஒருத்தர், பெயர் வேண்டாம், அவருக்குத் தெரியும், "பாய், சத்தம் பத்தலீங்களே, இன்னொருக்கா சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். சிலர் சிரித்தார்கள். காசிம் பாய் மிட்டாய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். நான் மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நாச்சிமுத்து அந்தக் காண்ட்ராக்டரின் முன்னால் வந்து நின்றார். குரல் ஏறவே இல்லை.

"ஏனுங்க, இத்தன வருசத்துல பாயோட லேபிளுக்கு நான் ஒரு அம்புகூட ஒட்டுனதில்லீங்க. உங்க கட்டிங்குக்கு நேத்து ஒரு நாள்ல மட்டும் பதினொண்ணு ஒட்டியிருக்கேன். நாட்டுப்பற்று ஆருகிட்டங்க கொறையுது?"

அவர் மரியாதை குறையாமல்தான் பேசுவார். அந்த 'ங்க'வில் இருந்த அலட்சியம் கெட்ட வார்த்தையில்கூட வராது. வடநாட்டுத் தொழிலாளர்களிடமும் அப்படித்தான். நாம் அவர்களை "ஏய் பையா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்டு, பட்டாளத்தில் படித்த இந்தியில் 'ஆப்', அதாவது 'நீங்கள்', போட்டுப் பேசுவார். 'இவனுகளுக்கு என்ன மரியாதை' என்று ஒரு சூப்பர்வைசர் கேட்டதற்கு, "பட்டாளத்துல இவங்க ஊர்க்காரங்கதான் எனக்குச் சோறு ஆக்கிப் போட்டாங்க. உங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் வரலீங்களே" என்றார்.

இதையெல்லாம் எழுதும்போது, அந்தத் தலைமுறையே தங்கம், நாம்தான் பித்தளை என்று முடித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. எனக்கும் அந்த எண்ணம் உண்டு. தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார். பேக்கிங் காகிதத்தைக் கசக்கினால் எடுத்து நீவி மடித்து வைப்பார். யுத்தக் காலத்தில் நாடே இறுக்கிப் பிடித்து வாழ்ந்ததன் பழக்கம் அது. இப்போது நம் ஊரைப் பாருங்கள். காரின் டாஷ்போர்டில் பிளாஸ்டிக் கொடி, போனில் நாட்டுப் பாட்டு ரிங்டோன். அதே கையால் சாயத் தண்ணீரை மழை வருகிற நாளாகப் பார்த்து ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். பதினைந்தாம் தேதி நெஞ்சில் குத்திய கொடி பதினாறாம் தேதி சாக்கடையில் கிடக்கிறது. நாடு என்பது இவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம். ஒருநாள் டீ குடிக்கும்போது இதைச் சொல்லி, "உங்க காலத்து ஆளுகளே வேறதானுங்க" என்று அவரிடம் பெருமூச்சு விட்டேன்.

அவர் டம்ளரை வைத்தார். "என்ர காலத்தப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? அப்பவும் இப்புடித்தான் இருந்தாங்க. நான் அங்க இருந்தவன், அதுனால சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டில் ஊரெல்லாம் கொடி கேட்டது. பாலியெஸ்டர் துணியில் மிஷினில் போட்ட கொடிக்கும் அனுமதி வந்துவிட்டது. எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லாமல் படுத்துக் கிடந்த கம்பெனிகள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக தேசபக்தர்கள் ஆயின. நாமும் ஆனோம். நாள் குறைவு. மிஷின்கள் நிற்காமல் ஓடின. அப்போதுதான் சக்கரத்தில் சிக்கல் வந்தது. கொடியின் நடுவில் நீல மை கொஞ்சம் பரவி, இருபத்துநாலு ஆரக்கால்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சக்கரம் கறையாகத் தெரிந்தது. மையைச் சரி பண்ண ஒரு நாள் ஆகும். நம் டிசைன் செக்‌ஷன் ஆள் கெட்டிக்காரர், கம்ப்யூட்டரில் நாலு ஆரக்காலை எடுத்துவிட்டு, மீதி இருபதைச் சமமாகப் பரப்பி, புது ஸ்கிரீன் போட்டார். பிரிண்ட் கண்ணாடி மாதிரி விழுந்தது. முதலாளி அவர் தோளைத் தட்டினார். ஒரு டி-ஷர்ட் பூவுக்கு இரண்டு இதழைக் குறைப்பதுபோல நாட்டின் சக்கரத்தைக் குறைத்தோம், அதில் ஏதோ தப்பு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் நாம்.

நாச்சிமுத்து முதல் பண்டலைப் பிரித்து, முதல் கொடியை விரித்து, விரலால் தொட்டு எண்ணினார். அடுத்ததை எண்ணினார். மூன்றாவதையும் எண்ணினார். பிறகு ஒவ்வொன்றிலும் சக்கரத்தின்மேல் ஒரு அம்பு ஒட்டி, மொத்த லாட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வந்தார்.

"லாட் ரிஜெக்டுங்க. கம்பி இருபதுதான் இருக்குது."

"அண்ணா, ஆரு எண்ணப் போறாங்க? ரெண்டு நாள் கட்டுவாங்க, கழட்டிருவாங்க."

"இருவத்துநாலு இருந்தாத்தானுங்க அது கொடி. இது மூணு கலர்த் துணி. துணின்னு எழுதி அனுப்புங்க, நான் பாஸ் பண்றேன்."

முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார். லாரி வெளியே நின்றது. அந்த சீசன் போனால் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று நான் அவரிடம் நியாயம் பேசினேன். அதில் உண்மை கொஞ்சம் இருந்தது, என் நாற்காலி போய்விடுமோ என்ற பயம் அதைவிட அதிகம். செக்கர் கையெழுத்துப் போடாவிட்டால் மேனேஜர் போட்டுப் பாஸ் பண்ணலாம் என்பது கம்பெனி விதி. நான் பேனாவை எடுத்தேன்.

அவர் அதுவரை நின்றுகொண்டிருந்தார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"போடறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கோங்க. யுத்தத்தப்ப எங்க ஸ்டோருக்குச் சாக்ஸு பண்டல் வந்துதுங்க. பிரிச்சுப் பாத்தா, நெம்பச் சோடியில வெரலு முனையில தையல் வாயத் தெறந்து கெடக்குது. ஸ்டோர் ஆபீசருகிட்டச் சொன்னேன். சண்ட நடக்குது, சாக்ஸுல என்னடா தையல் பாக்கற, போடு கையெழுத்தன்னாரு. போட்டனுங்க. எனக்கு அப்ப இருவத்தியொரு வயசு. நாகர்கோயில்காரன் ஒருத்தன், தங்கராசுன்னு பேரு, ஒரே தட்டுல சோறு திம்போம். அந்தச் சாக்ஸப் போட்டுட்டுத்தான் மலை ஏறுனான். எறங்கி வந்தப்ப மூணு வெரல் கருத்துப் போச்சுங்க. வெட்டி எடுத்தாங்க."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியாதுங்க. சாகற வரைக்கும் வருசா வருசம் பொங்கலுக்குக் கடுதாசி போட்டான், நல்லா இருக்கியா மக்கான்னு. நானும் பதில் போட்டேன். இத மட்டும் எழுதுனதில்லீங்க." என் மேசையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நாம பாஸ் பண்ற சரக்கு ஆரு மேலயாச்சும் ஏறியே தீருமுங்க."

போன் அடித்தது. முதலாளி. "ஆச்சா?" என்றார். "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு, நாச்சிமுத்துவின் கண்முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.

அவர் திட்டவில்லை. எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "வர்றனுங்க மேனேஜர்" என்றார். மறுநாள் வரவில்லை. அதன் பிறகு எப்போதும் வரவில்லை. நாம் அனுப்பிய கொடிகள் ஊர் ஊராகப் பறந்தன. ஒருத்தர், நாடு முழுக்க ஒரே ஒருத்தர்கூட, சக்கரத்தை எண்ணிப் பார்த்து ஒரு புகார் அனுப்பவில்லை. நான் சொன்னதுதான் பலித்தது.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், பழைய பஸ் ஸ்டாண்டில், உடுமலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். "நல்லாருக்கீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? பொண்ணுக்குக் கண்ணாலம் ஆச்சுங்களா?" என்று விசாரித்தார். ஒரு வார்த்தையில்கூடக் குத்தல் இல்லை. பஸ் வந்ததும் ஏறிப் போனார். கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

இப்போது சாவு வீட்டுக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு நான் மண்ணரைக்குப் போனபோது, சந்தில் பந்தல் போட்டு, அவரைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டி, மேலே ஒரு துண்டு. மெடல் எதுவும் இல்லை. அவருக்கு மெடல் உண்டு, குத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை. சந்தின் ஒரு ஓரத்தில் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. காசிம் பாய் பந்தல்காரரோடு சேர்ந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு முதலாளியின் கார் வந்தது. கூடவே, நாச்சிமுத்து ஒரு நாளும் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு சங்கத்தின் ஆட்கள், ஆளுயர மாலை, போட்டோகிராபர். கம்பெனி கோடவுனிலிருந்து ஒரு கொடியும் கொண்டு வந்திருந்தார்கள். போர்த்தப் போனபோது சரஸ்வதி குறுக்கே வந்தாள். அவளும் வேறொரு கம்பெனியில் செக்கிங்தான். ஐம்பது வயது இருக்கும், அழுது கண் வீங்கியிருந்தது.

"வேண்டாமுங்க. கொடி போத்தக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காருங்க. அது அங்கியே செத்தவங்களுக்கு, நான் திரும்பி வந்தவன்னு சொல்லுவாரு."

"அதெல்லாம் பெரியவங்க தன்னடக்கத்துல சொல்றதும்மா" என்றார் சங்கத்துக்காரர். நாட்டுக்காக வாழ்ந்தவரின் கடைசி ஆசை ஒன்றே ஒன்று. அதைக் கேட்க அரை நிமிஷம் இல்லாதவர்கள், காவி தலைமாட்டில் வர வேண்டுமா கால்மாட்டில் வர வேண்டுமா என்று போனில் ஐந்து நிமிஷம் தேடினார்கள். அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டுப் போர்த்தினார்கள். முதலாளி மாலையைப் பிடித்தபடி நிற்க, போட்டோ எடுத்தார்கள். மாலையை வைத்தபின் ஒன்று, கையைக் குவித்தபடி ஒன்று. ஒருத்தர் குனிந்து செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

எனக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் எண்ணினேன். நாச்சிமுத்துவின் வயிற்றுக்கு மேலே, மடிப்பில்லாமல், பளிச்சென்று இருந்தது அந்தச் சக்கரம். மேலிருந்து வலப்பக்கமாக ஒவ்வொன்றாக எண்ணி, முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் எண்ணினேன். இருபது. விற்காமல் மிஞ்சிய பண்டலிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். நான் பாஸ் பண்ணிய சரக்கு அவர் மேலேயே ஏறிவிட்டது.

நிமிர்ந்தபோது சரஸ்வதி எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது. செக்கிங்காரியின் கண் அழுதாலும் சும்மா இருக்காது.

"அண்ணா, இது அப்பா ரிஜெக்ட் பண்ணுன லாட்டுங்களா?"

"ஆமா சரசு."

"கம்பி கொறையுது, அதான் வந்துட்டேன்னு மட்டும் சொன்னாருங்க. ஆரு கையெழுத்துப் போட்டாங்கன்னு எத்தனையோ தடவ கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க."

அவர் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமலே போயிருக்கிறார். நான் இப்போது தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருந்தால், இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. தங்கராசுவுக்குத் தெரியாமல் போனது மாதிரி. ஐம்பது வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் அவர் எழுதாமல் விட்ட அந்த மாதிரி ஒரு வரியை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"நான்தான் சரசு. நான்தான் போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை, எழுதவும் கூடாது. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவளை அவர் மகள் என்று நம்பியிருக்க மாட்டேன். நேராகப் பெஞ்சுக்குப் போனாள், மாலைகளை எடுத்து ஓரமாக வைத்தாள், கொடியின் தலைப்பக்க முனைகளைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தேன். முதலாளி என்ன என்பதுபோல் பார்த்தார். சங்கத்துக்காரர் அவர் காதில், "போட்டோ எடுத்தாச்சுங்க, போகலாம்" என்றார். அவ்வளவுதான் அவர்களுக்கும் கொடிக்கும் உள்ள சம்பந்தம். அவர்கள் கார் சந்தைவிட்டுப் போவதற்குள் நாங்கள் மடித்து முடித்துவிட்டோம். துணிதான் என்றாலும், காவியையும் பச்சையையும் உள்ளே தள்ளி, சக்கரம் மேலே தெரியும்படி, முறையாகத்தான் மடித்தோம். மடிக்கத் தெரியாமல் நான் தடுமாறியபோது வரிசையில் நின்ற ஒடிசாக்காரர் ஒருவர் வந்து கைகொடுத்தார். நாச்சிமுத்து வெறும் துண்டோடு, அவர் கேட்டபடியே போனார். காசிம் பாய் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார்.

கிளம்பும்போது சரஸ்வதி அந்தக் கொடியை என் கையில் கொடுத்தாள். "இத நீங்களே எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். நண்பர்களே, பெருமைக்குச் சொல்லவில்லை. இருபது ஆரக்கால் உள்ள ஒரு துணி. ஆபீஸ் பைலிலிருந்து நான் எடுத்து வந்த அந்த ரிப்போர்ட்டின் நகல். அன்று என் மேசையில் அவர் வைத்துவிட்டுப் போன ஸ்டிக்கர் சுருள். இத்தனை வருஷம் அதிலிருந்து ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. அவரை எரித்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்து வைத்து, முதல் தடவையாக ஒன்றைப் பிரித்து ஒட்டினேன். பக்கத்தில் ஒட்டவில்லை. அவர் சொன்ன மாதிரி, அம்பின் முனை என் கையெழுத்தைத் தொடும்படி ஒட்டினேன்.